மூன்று பெட்டிக்குள் அடங்காத வெப்பம்

யுத்தம் நடந்த அந்த நாட்களில் திருகோணமலைத் துறைமுகப் பக்கத்து ஊர்களுக்குக் கரண்ட் கொடுத்தது ஒரேயொரு டர்பைன். அதைப் பதினொரு வருடமாகப் பராமரித்துவந்த பொறியியலாளர் கனகசுந்தரத்துக்குப் பெற்ற பிள்ளைகளைவிட அதன்மேல்தான் உருக்கம் என்று மனைவி அன்னலட்சுமி குறைப்படுவாள். டர்பைனில் சூட்டில் சுழலும் இறக்கையான ஒவ்வொரு பிளேட்டுக்குள்ளும் நுண்ணிய துவாரங்கள் உண்டு. அவற்றுக்குள் குளிர்காற்று ஓடினால்தான் பிளேட் உருகாமல் நிற்கும். கடற்காற்றின் உப்போ அந்தத் துவாரங்களை மெல்ல மெல்ல அடைத்துக்கொண்டு வந்தது.

அவர் வேலைசெய்த மின்நிலையக் கந்தோருக்கு அப்போதுதான் கொம்பியூட்டர் வந்திருந்தது. சும்மா சொல்லக்கூடாது, பணிப்பாளர் பாக்கியரத்தினம் அதற்குத் தனியறை, ஏசி, பூமாலை எல்லாம் கொடுத்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகலாம். கனகசுந்தரமும் வெறுங்காலோடு போய், ஒரு பிளேட்டை எண்ணாயிரம் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு சூடு ஏறுகிறது, எவ்வளவைக் குளிர்காற்று கொண்டுபோகிறது என்று ஒன்பது நாள் கணித்தார். நுனியில் 1020 பாகை. தாங்கக்கூடியது 900. மூன்று நாள் நிறுத்திக் கழுவாவிட்டால் பிளேட் முறியும். புதுப் பிளேட் கப்பலில் வர ஆறு மாதம். அதுவரை ஊர் இருட்டு.

பணிப்பாளர் அறிக்கையை வாசித்து மெச்சினார். ஆனால் நிறுத்த ஏலாதாம். கரண்ட் நின்றால் ஏசி நிற்கும், ஏசி நின்றால் கொம்பியூட்டர் சூடாகிவிடும், பிறகு பிளேட்டின் சூட்டை எதில் கணிப்பது என்று கேட்டார். வேண்டுமானால் முறைப்படி விண்ணப்பிக்கலாம் என்று பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார் பணிப்பாளர்.

யுத்தகாலத்தில் ஊரை இருட்டாக்க அனுமதி வேண்டும். அனுமதி அதிகாரி ஜெமீல் படிவத்தை நீட்டினார். அதில் வெப்பநிலைக்கு மூன்றே மூன்று பெட்டி.

"நாலு இலக்கம் இதுக்குள்ள வராதே, சேர்," என்றார் கனகசுந்தரம்.

"வாறதை எழுதுங்க. மிச்சத்தை விடுங்க."

102 என்று எழுதினார். ஜெமீல் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"நூற்றிரண்டா? இது சும்மா காய்ச்சல். இதுக்குப் போய் ஊரை இருட்டாக்கக் கேக்கிறீங்களே."

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. படிவமும் கொம்பியூட்டரும் ஒன்றுக்கொன்று முரண்படலாகாது என்பதால், கணிப்பையும் 102 ஆகத் திருத்திக் கையெழுத்திடும்படி உத்தரவு வந்தது. மறுத்தால் உடனடி இடமாற்றம். கனகசுந்தரம் இரண்டு நாள் தள்ளிப்போட்டார். மூன்றாம் நாள் கையெழுத்து வைத்தார். வெட்கமாகத்தான் இருந்தது.

பன்னிரண்டாம் நாள் பிளேட் முறிந்தது. விசாரணைக் குழு கூடி, 102 பாகையில் முறிவதற்கு மேற்படி பிளேட்டுக்கு எவ்வித அதிகாரமும் இல்லை எனத் தீர்மானித்து, அதைச் சேவையிலிருந்து இடைநிறுத்தியது.

ஊர் இருண்டது. பக்கத்து ஊரான உப்புவெளியின் சனம் திரண்டு கனகசுந்தரத்தின் வாசலுக்கு வந்தது. அடிக்கத்தான் வருகிறார்கள் என்று அவர் நினைத்தார்.

"ஐயா, கரண்ட் எப்ப வருமெண்டு கொம்பியூட்டரில பார்த்துச் சொல்லுங்க," என்றார் மீனுக்கு ஐஸ் விற்கும் ஸெய்னுதீன்.

கொம்பியூட்டர் ஓடவே கரண்ட் வேண்டும் என்று கனகசுந்தரம் விளக்கிப் பார்த்தார். ஒருவரும் நகரவில்லை. கடைசியில் ஒரு துண்டுக் கடதாசியில் 'வெள்ளி, மாலை 4.37' என்று மனதில் பட்டதை எழுதிக் கொடுத்தார். அந்த முப்பத்தேழைக் கண்டதும் சனத்துக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது. ஆளுக்காள் சொல்லிக்கொண்டு கலைந்து போனார்கள்.

வெள்ளிக்கிழமை நாலரைக்கு அன்னலட்சுமி எட்டிப் பார்த்தாள். கனகசுந்தரம் குளித்து, வேட்டி மாற்றி, மின்விசிறிக்குக் கீழே கதிரையை இழுத்துப் போட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.