மான்மவுத் ஜங்ஷன் டாட்டாக்காரர்

மணிக்கு நூறு மைலுக்கு மேல் பறக்கிற ரயிலைக் கையெடுத்துக் கும்பிட்டு, "மெதுவாப் போங்க சாமி" என்று கேட்டுக்கொண்ட மனிதர் அமெரிக்காவிலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் பக்கத்து அபார்ட்மென்ட்காரர். நிஜப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க நேரமாகும். தொண்ணூறுகளில் நியூஜெர்சி மான்மவுத் ஜங்ஷனில் இருந்த தமிழர்கள் எல்லோருக்கும் அவர் டாட்டாக்காரர்.

எங்கள் ஊருக்குப் பெயரில்தான் ஜங்ஷன். ஸ்டேஷன் கிடையாது, பிளாட்பாரம் கிடையாது, ஒரு டீக்கடைகூடக் கிடையாது. நியூயார்க்கிலிருந்து வாஷிங்டன் போகிற வேக ரயில்கள் எங்களை ஓர் ஊராகவே மதிக்காமல் விர்ரென்று போய்விடும்.

டாட்டாக்காரருக்குச் சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம். வேலை கம்ப்யூட்டரில், முழுநேரத் தொழில் கவலை. மைக்ரோவேவ் ஓடினால் அடுத்த ரூமுக்குப் போய் நின்றுகொள்வார். டிரைவிங் டெஸ்டில் பச்சை விளக்கு எரிந்தும் காரை நிறுத்தி, "சைடுல வர்றவங்களுக்குச் செவப்பு எரியுதான்னு பாத்துட்டுப் போலாமுங்க" என்று எக்ஸாமினருக்கே யோசனை சொன்னவர். லைசென்ஸ் எங்கிருந்து வரும்? அவரை ஏற்றி இறக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது.

மனைவி சுமதி டாக்டர். பால்டிமோரில் ஒரு ஆஸ்பத்திரியில் டிரெயினிங். லீவு கிடைக்கிற வாரக் கடைசியில் வருவாள், ஞாயிறு மத்தியானம் ரயிலேறிவிடுவாள். கம்பெனி கொடுத்த விசாவைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த இவரால் வேலையை விட்டுவிட்டு அவள் பின்னால் போக முடியவில்லை. அந்தச் சமயத்தில்தான் அவள் முழுகாமல் இருந்தாள். கேட்க வேண்டுமா? கவலைப்படுவதில் அவர் டபுள் ஷிஃப்ட் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

முதலில் மெட்ரோபார்க் ஸ்டேஷனுக்குப் போய்த்தான் வழியனுப்பிக்கொண்டிருந்தார். வழியனுப்புவது என்றால் நம்மூர் மாதிரி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்குள் ஏறி, மேலே வைத்து, ஜன்னலைக் கைக்குட்டையால் துடைத்து, அவள் நெற்றியில் விபூதி பூசி, பக்கத்து ஸீட் வெள்ளைக்கார அம்மாளிடம் "கொஞ்சம் பாத்துக்குங்க" என்று ஒப்படைத்துவிட்டு, கார்டு விசில் ஊதியதும் இறங்கலாம் என்று நின்றிருக்கிறார். இங்கே யார் விசில் ஊதுகிறார்கள்? கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. கூடப் போயிருந்த என் வீட்டுக்காரர் வெளியே கையைக் காலை ஆட்டியதை இவர் டாட்டா என்று நினைத்து, உள்ளேயிருந்து பதிலுக்கு டாட்டா காட்டியிருக்கிறார். டிக்கெட் இல்லை, கோட் இல்லை, காலில் ஹவாய் செருப்பு. டிசம்பர் குளிரில் பிலடெல்பியாவில் போய் இறங்கினார் மனிதர்.

"இனிமே ஸ்டேஷன் பக்கம் வந்தீங்கன்னா நான் ஊருக்கே வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள் சுமதி.

ஸ்டேஷனுக்குத்தானே வரக்கூடாது? தண்டவாளம் எங்கள் ஊர் வழியாகத்தானே போகிறது? அடுத்த ஞாயிறு அவளை என் வீட்டுக்காரர் ஸ்டேஷனில் கொண்டுபோய் விட, நான் இவரைத் தண்டவாளத்து வேலியோரம் கொண்டுபோய் விட்டேன்.

அங்கே ஏற்கெனவே நாலைந்து வெள்ளைக்காரக் கிழவர்கள் மடக்கு நாற்காலி, ஃபிளாஸ்க், கேமரா சகிதம் உட்கார்ந்திருந்தார்கள். ரயில் வேகத்தைப் பார்த்து ரசிப்பதற்கென்றே வருகிறவர்களாம். ரயில் தெரிந்ததும் அவர்கள் "பியூட்டிஃபுல்!" என்பார்கள். இவர் "பண்ணாரி தாயே!" என்பார். கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்து தூசிதான் மிஞ்சும்.

"ஏனுங்க்கா, இத்தனை வேகம் எதுக்குங்க? அஞ்சு நிமிசம் லேட்டாப் போனா குடியா முழுகிரும்?"

ராத்திரி ஃபோனில் சுமதியைக் கேட்பார். "நான் தெரிஞ்சனா?" "எல்லாம் கோடு கோடாத் தெரிஞ்சுது. அதுல நீங்க எந்தக் கோடோ!" என்பாள் அவள். விட்டாரா? ஓர் ஏற்பாடு செய்தார். வேலியோரம் இவரைப் பார்த்ததும் அவள் ஜன்னலில் ஒரு வெள்ளைத் துண்டைக் காட்ட வேண்டும். காட்டினால் சௌக்கியம் என்று அர்த்தம். அவள் இவரைப் பார்த்ததும் இல்லை, இவர் துண்டைப் பார்த்ததும் இல்லை. மாதங்கள்தான் ஓடின.

எட்டாம் மாதத்தில் ஒரு ஞாயிறு. காலையிலிருந்தே சுமதிக்கு இடுப்பு வலி. டாட்டாக்காரர் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் அவள் பின்னாலேயே சுற்றினார்.

"ஒரு வாரம் லீவு சொல்லு புள்ள."

"நின்னுக்கிட்டே வேலை பாத்தா இடுப்பு வலிக்கத்தான் செய்யும். இந்த வாரத்தோட லீவுதான். சும்மா இருங்க."

"ரயில்லயே வலி வந்துட்டா?"

"நான் டாக்டரா, நீங்க டாக்டரா?"

அவள் கிளம்பிவிட்டாள். இவர் ஒரு பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு என் காரில் ஏறினார். வேலியோரம் போய்ப் பையைத் திறந்தால் உள்ளே ஒரு பட்டுப்புடவை.

"என்னங்க இது?"

"அவளோட கூறைச்சேலைங்க்கா. இதை ஆட்டுனா தூரத்துலயே பளிச்சுனு தெரியுமுங்க. பாத்ததும் துண்டைக் காட்டிருவா. அது போதுமுங்க எனக்கு."

நல்ல அரக்குச் சிவப்பு. மங்களகரமான நிறம், பெண்டாட்டியின் கல்யாணப் புடவை, பிள்ளைத்தாய்ச்சி வேறு, நல்லதுதானே என்று நானும் தலையாட்டினேன். நம்மூர் ரயிலில் ஏறி இறங்கி வளர்ந்த இரண்டு ஜன்மங்களுக்கும், வருகிற ரயிலுக்கு முன்னால் சிவப்புத் துணியை ஆட்டினால் என்ன ஆகும் என்று தோன்றவில்லை பாருங்கள்!

கிழவர்களுக்குத் தோன்றியது. "நோ ரெட்! நோ ரெட்!" என்று ஒருவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்தார். அதற்குள் ரயில் தெரிந்துவிட்டது. டாட்டாக்காரர் எம்பி எம்பிக் குதித்துப் புடவையை ஆட்டினார். தகரக் கொட்டகையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு சத்தம். பிரேக்! அந்த ரயிலின் ஜன்னல்களில் மனித முகங்கள் இருந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆனால் அவற்றில் சுமதி முகம் இல்லை, வெள்ளைத் துண்டும் இல்லை. பிரேக் போட்டும் ரயில் ஒரு மைல் தள்ளிப் போய்த்தான் நின்றது.

"இந்த ரயில் இந்த ஊர்ல நின்னு நான் பார்த்ததே இல்ல" என்று ஒரு கிழவர் இங்கிலீஷில் தழுதழுத்தார். எனக்கு விசா, கிரீன் கார்டு எல்லாம் கண் முன்னால் வந்து போயின. பத்து நிமிடத்துக்குள் போலீஸ் கார் வந்துவிட்டது.

"என்ன எமர்ஜென்சி?" என்றார் போலீஸ்காரர்.

"மை வைஃப், சார். எய்த் மந்த். பேக் பெயின். டவல் நாட் சீன்."

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். நான் பிலடெல்பியாவில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். "ஒரு துண்டைப் பார்க்கிறதுக்காக ரயிலை நிறுத்தினாரா?" என்று கேட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, வாக்கிடாக்கியை எடுத்து, ரயிலில் இருக்கிற கண்டக்டரை விட்டு அந்தப் பெண்ணைப் பார்க்கச் சொன்னார்.

பதில் வரவில்லை. டாட்டாக்காரர் திடீரென்று என் பக்கம் திரும்பினார். முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, அவ எந்திரிச்சு நின்னுட்டு இருந்து, நான் நிறுத்துனதுல விழுந்திருந்தா?"

அதுவரைக்கும் அவருடைய கவலைகளைக் கேட்டு உள்ளூரச் சிரித்துக்கொண்டிருந்தவள் நான். இதைக் கேட்டதும் நானும் வேலியைப் பிடித்துக்கொண்டு ரயில் நின்ற பக்கம் எட்டிப் பார்த்தேன். எட்டாம் மாதம், அப்படி ஒரு பிரேக். துண்டைக் காட்ட அவள் எழுந்திருக்கத்தானே வேண்டும்? அவர் புடவையைச் சுருட்டி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். "பண்ணாரி தாயே, என்னை வேணா எடுத்துக்க" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். எனக்கும் வேறு சாமி ஞாபகம் வரவில்லை.

வாக்கிடாக்கி கரகரத்தது. போலீஸ்காரர் காதில் வைத்துக் கேட்டார், இரண்டு தடவை "யா" என்றார்.

"கடைசிப் பெட்டியில இருக்காங்க. உட்கார்ந்துதான் இருந்தாங்களாம். அம்மா நல்லா இருக்காங்க, குழந்தை உதைக்குதாம். உங்க மேல பயங்கரக் கோபமா இருக்காங்க. ஃபிரிட்ஜ்ல ஏதோ சூப் இருக்காம், சூடு பண்ணிச் சாப்பிடச் சொன்னாங்க."

டாட்டாக்காரர் புல்லில் அப்படியே உட்கார்ந்து, புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினார். போலீஸ்காரர் திட்ட வேண்டியதையெல்லாம் திட்டினார். அடுத்த தடவை ஜெயில்தான் என்றார். இவர் எல்லாவற்றுக்கும் "சரிங்க சார், சரிங்க சார்" என்று தமிழிலேயே ஒப்புக்கொண்டார்.

தூரத்தில் ரயில் மெல்ல நகர ஆரம்பித்தது.

"கிளம்பிடுச்சு பாருங்க. டாட்டா காட்டலையா?" என்றேன்.

இரண்டு கையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "வேண்டாமுங்க்கா. மறுபடி நின்னு தொலைச்சுட்டா?"

அதனால் நான் எழுந்து நின்று காட்டினேன். கிழவர்களும் வந்து வரிசையாக நின்று காட்டினார்கள். போலீஸ்காரர் மட்டும் சட்டத்தை மதித்துக் கையைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டார். அத்தனை தூரத்திலிருந்து சுமதிக்கு எங்களில் ஒருவரைக்கூடத் தெரிந்திருக்காது. இருந்தாலும் அந்தக் கடைசிப் பெட்டி கண்ணுக்கு மறைகிற வரைக்கும், அழுதுகொண்டே, நான் கையை இறக்கவே இல்லை.