பிரதாபனைக் கிழித்த கதை

என் எழுத்து அச்சில் வந்தது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கள்ளக்குறிச்சியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலை. பிள்ளைகள் தட்டிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் என் மடியில் ஏதாவது ஒரு மாத நாவல் இருக்கும். காதல், மர்மம், காதலுக்குள் மர்மம், எதையும் விட்டதில்லை. ஒவ்வொன்றைப் பற்றியும் ஒளிவுமறைவில்லாத அபிப்பிராயம் வேறு வைத்திருந்தேன். (வீட்டில் கேட்க ஆளில்லாததால் தபாலில் அனுப்பினேன்.)

ஒரு மாதம், எஸ். பிரதாபன் என்ற புதியவரின் நாவல் வந்தது. கதை நம் கல்வராயன் மலையில் நடக்கிறது. பள்ளிக்கூட டீச்சர் மாலதிக்கும் வனக்காவலர் ஒருவருக்கும் காதல். நடுவில் ஒரு மொட்டைக் கடிதம், ஒரு கொலை. உண்மையைச் சொன்னால், சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் ஒரே மூச்சில் படித்து முடித்தேன். கடிதத்தில் அதை மட்டும் எழுதவில்லை. பாராட்டினால் யார் நம்மை மதிப்பார்கள்?

“பிரதாபன் அவர்கள் கல்வராயன் மலையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்று பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. எதிரில் நிற்கும் ஆள் தெரியாத பனியாம், இது என்ன ஊட்டியா? கதாநாயகன் பஸ்ஸுக்கு மூன்று மணி நேரம் காத்திருக்கிறானாம், அதற்குள் காதலே முற்றிவிடுகிறதாம்! சென்னையில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து எழுதினால் இப்படித்தான்.”

அடுத்த மாத இதழின் வாசகர் கடிதப் பக்கத்தில் முழுக் கடிதத்தையும் அப்படியே போட்டுவிட்டார்கள். அப்பா அதை டீக்கடை டீக்கடையாகக் கொண்டுபோய்க் காட்டினார். இதில் ஒரு விஷயம், நானும் அந்த மலைக்குப் போனதில்லை. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது மேற்கே நீலமாகத் தெரியும். அவ்வளவுதான் பழக்கம்.

அந்த மார்கழியில் கரியாலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த அக்காவைப் பார்க்கப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கினால் எங்கும் வெள்ளை. அக்கா பேரைச் சொல்லிக் கத்தினேன்.

“இன்னாடி, எதிர்லயே நிக்கிறன், என்னத் தேடிக்கினு இருக்க?”

பல் கிடுகிடுவென்று அடித்தது. அக்கா தன் வீட்டுக்குப் போகும் முன்னே, பக்கத்து வீட்டு செல்வி டீச்சரிடம் அழைத்துப்போனாள். டீச்சர் ஒரு கம்பளியைப் போர்த்திவிட்டு, சூடாக வரக்காப்பி கொடுத்தார். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

“டீச்சர், எந்தங்கச்சி எழுதுன லெட்டரு புக்குலயே வந்துச்சு தெரியுமா? பிரதாபன்னு எவனையோ கிழி கிழின்னு கிழிச்சிட்டா!”

டம்ளர் கழுவிக்கொண்டிருந்த டீச்சரின் கை நின்றது.

“நீங்கதானாங்க அது?”

“படிச்சீங்களா?” என்றேன், வெட்கமில்லாமல்.

“மனப்பாடமாவே தெரியுங்க. ஆம்பள பேரு போட்டாதான் மர்மக் கதைய எடுப்பாங்கன்னு சொன்னாங்க. அதான் பிரதாபன்னு வெச்சிக்கினேன்.”

டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். டீச்சர் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். அடுத்த நாவல், அதிலும் ஒரு கொலை, பாதி வரை எழுதியிருந்தார். உள்ளே பதிப்பாளரின் கடிதம்: மலையை வாசகர்கள் நம்பவில்லை, கதையைச் சென்னைக்கு மாற்றி எழுதுங்கள்.

“மெட்ராஸ நான் பாத்ததே இல்லீங்க. அதப்பத்தி எழுதுனா, பாக்காதவ எழுதுனதுன்னு அங்கயிருந்து யாராவது லெட்டர் போடுவாங்க இல்ல?”

குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே யோசித்துத்தான் சொன்னார். ‘சாப்பிடாமல் படித்தேன்’ என்று அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது வந்ததென்னவோ:

“எழுத்துப் பிழை ரொம்பக் கம்மிங்க.”

அக்கா என் தொடையில் கிள்ளிய இடம் ஒரு வாரம் கன்றிப்போயிருந்தது.

மறுநாள் ஊருக்குத் திரும்ப பஸ்ஸுக்கு நின்றேன். மூன்று மணி நேரம்! பள்ளிக்கூடம் லீவு என்பதால் டீச்சரும் துணைக்கு நின்றார். பிள்ளைகளைப் பற்றிப் பேசினார், இந்த வருஷத்துப் பனியைப் பற்றிப் பேசினார். நாவலைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருக்கலாம்.

ஊருக்கு வந்ததும் பத்திரிகைக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினேன், அந்த மலையில் பனி உண்டு, பஸ் கிடையாது என்று. போடவில்லை. திட்டி எழுதினால்தான் போடுவார்கள் போலிருக்கிறது. டீச்சருக்கும் எழுதினேன். ‘பனி குறைந்ததும் இன்னொரு தடவை வாங்க’ என்று கார்டு வந்தது. நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? பிரதாபன் பெயரில் அப்புறம் ஒரு நாவலும் வரவில்லை. கல்யாணம், குழந்தை, மாற்றல் என்று டீச்சர் எழுதுவதை விட்டதற்கு ஆயிரம் காரணம் இருக்கும் என்கிறாள் அக்கா. ஆறுதலுக்குச் சொல்கிறாள்.

இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது சாம்பாரைக் குறை சொன்னால் போதும், “பிரதாபனுக்கு ஒரு லெட்டர் போட்டுடு” என்பாள் என் மகள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அந்தப் பாதி நோட்டில் கொலை செய்தது யார் என்று மட்டும் எனக்கு இன்றுவரை தெரியாது.