ஐந்து மில்லிமீட்டர்

எழுபது மீட்டர் உயரத்தில், கிரேன் கேபினுக்குள், ஆபரேட்டர் ஒரு கையில் டீ வடிகட்டியைப் பிடித்தபடி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருந்தார். வடிகட்டிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் கேன். வீட்டில் மனைவி இன்றைக்கும் வடிகட்டியைத் தேடி அடுக்களையைத் தலைகீழாக்கிக்கொண்டிருப்பாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஏணிதான். கேபினுக்கு இருநூற்று முப்பது படி. பாத்ரூம் போக ஒரு முறை இறங்கி ஏறினால் அரை மணி நேரம் போய்விடும். அதுவரை கீழே கட்டடமே கைகட்டி நிற்கும். அதனால் ஆறு வருடமாக அவர் ஓர் எளிய வழி வைத்திருந்தார். தண்ணீரே குடிப்பதில்லை.

சிறுநீர் என்பது உப்புகள் கரைந்த தண்ணீர். தண்ணீர் தாராளமாக இருந்தால் உப்புகள் ஒன்றையொன்று பார்க்காமலே வெளியே போய்விடும். தண்ணீர் குறைந்தால் நெரிசல்; ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒரு துணுக்கு உட்கார்ந்துவிட்டால் அடுத்தது அதன்மேல் படியும். கண்ணாடிக் கேபின், நாள் முழுக்க வெயில், வேர்வை. அவர் சிறுநீரகத்தில் ஒரு கல் நிதானமாக வளர்ந்து, ஐந்து மில்லிமீட்டர் ஆனதும் கிளம்பிற்று.

"இந்த அளவு பெரும்பாலும் தானா வந்துடும்," என்றார் டாக்டர். "ரெண்டரை, மூணு லிட்டர் தண்ணி குடிங்க. கல்லு இறங்குற சிறுநீர்க் குழாயைத் தளர்த்த மாத்திரை தரேன். வரலைன்னா அதிர்வலையில உடைக்கலாம், இல்ல குழாய் விட்டு எடுக்கலாம். யூரினை வடிகட்டிக் கல்லைப் பிடிச்சுக் கொண்டாங்க. எந்த உப்புன்னு தெரிஞ்சாத்தான் இன்னொண்ணு வராமத் தடுக்க முடியும். முக்கியமா, அது வர்ற வரைக்கும் கிரேன் பக்கமே போகக் கூடாது."

கடைசி வரி மட்டும் அவர் காதில் ஏறவில்லை. போன வருடம் இன்னொரு ஆபரேட்டர் தலைசுற்றல் என்று வாயைத் திறந்தார். இன்றுவரை கிடங்கில் போல்ட் பிரித்துக்கொண்டிருக்கிறார். கேபின் போனால் தானும் அங்கேதான்.

ஆகவே ரகசியம். இரண்டு வாரமாக மேலே மூன்று லிட்டர், ஒரு கேன், ஒரு வடிகட்டி.

இப்போது டீ இடைவேளை. கொக்கி காலி, லீவர் பூட்டியாயிற்று. வலி அலை அலையாக வந்தது. குழாய் கல்லைத் தள்ளப் பார்த்து இறுக்குகிறது, களைத்து விடுகிறது, மறுபடி இறுக்குகிறது. அவர் சீட்டின் கைப்பிடியில் சாய்ந்து கெஞ்சினார்.

"வா... பயப்படாத... ரெண்டு வாரமா என் உயிரை வாங்கினது போதும்... வெளிய வந்துடு கண்ணு..."

டக்.

வடிகட்டியில் மிளகளவில், பழுப்பாக, முள்முள்ளாக ஒன்று. ஆனந்தத்தில் நிமிர்ந்தார். அப்போதுதான், இத்தனை நேரம் கைப்பிடியில் அழுந்தியிருந்த இடுப்பு வாக்கி டாக்கியின் பொத்தான் விடுபட்டது.

"அண்ணே," என்றது கீழே நிற்கும் சிக்னல்காரன் குரல். "மேல யாரு?"

"யாருமில்லப்பா."

"அப்ப யாரை வரச் சொன்னீங்க? எல்லாருக்கும் கேட்டுச்சு. மேஸ்திரி டீயை வெச்சுட்டு மேலயே பார்த்துக்கிட்டிருக்காரு."

சேஃப்டி ஆபீசரின் குரல் குறுக்கே வந்தது. "கேபின்ல ரெண்டாவது ஆளை ஏத்தக் கூடாதுன்னு தெரியுமில்ல?"

"ஆளே இல்ல சார். எனக்கு நானே பேசிக்கிட்டேன்."

ஆபீசர் குரலைத் தணித்தார். "எத்தனை நாளா?"

"எது சார்?"

"இந்தத் தனியாப் பேசுறது."

ஆபரேட்டருக்கு வேர்த்தது. "ஐயோ, அப்படியெல்லாம் இல்ல சார்! என் சம்சாரத்துகிட்ட பேசினேன்."

"சம்சாரத்தையா ஏத்தியிருக்கீங்க?"

"இல்ல சார், போன்ல!"

"கேபின்ல போனா?"

நாக்கைக் கடித்துக்கொண்டார். "நெசமாவே இல்ல சார். கனவுல. லேசாக் கண்ணசந்துட்டேன்..."

"தூங்கினீங்களா! இறங்குங்க. இப்பவே!"

கல்லைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கினார். முதல் ஐம்பது படியில் போனுக்கு என்ன தண்டனை என்று யோசித்தார். அடுத்த ஐம்பதில் தூக்கத்துக்கு. அதன்பிறகு கிடங்கின் போல்ட் மூட்டைகள்தான் கண்ணில் நின்றன. சொன்னதெல்லாம் பொய், சொல்லாதது ஒன்றுதான் உண்மை.

கீழே கூட்டம். ஆபீசர் நோட்டைப் பிரித்தார். "ஆளு, தனிப்பேச்சு, போன், தூக்கம். இதுல எதை எழுதட்டும்?"

"எதையும் எழுதாதீங்க சார்." அவர் காகிதத்தைப் பிரித்து நீட்டினார். "இதுகிட்டதான் பேசினேன்."

ஆபீசர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். ஆபரேட்டர் டாக்டர், மாத்திரை, வடிகட்டி என்று ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தார். கூட்டம் வாய்பிளந்து கேட்டது.

"என்னையும் அந்தத் தலைசுத்தல் அண்ணன் மாதிரி கிடங்குக்கு அனுப்பிடாதீங்க சார்."

"யோவ், தலைசுத்தல் வேற, கல்லு வேற." ஆபீசர் விதிப் புத்தகத்தைப் புரட்டி ஓரிடத்தில் விரலை வைத்தார். "பாரு. சிறுநீரகக் கல்லுன்னா ஒரு மாசம் லீவு, முழுச் சம்பளம். சிகிச்சை கம்பெனி செலவு. குணமானதும் அதே கேபின். இதை முதல் நாளே சொல்லித் தொலைச்சா என்ன? வலியோட மேல உட்கார்ந்து கீழ இருக்கிற இத்தனை பேர் உயிருக்கு உலை வெச்சிருக்கியே!"

ஆபரேட்டர் வெட்கத்தோடு தலைகுனிந்தார். ஆனால் உள்ளே ஒரு மாசம், ஒரு மாசம் என்று ஏதோ குதித்தது. ஏணி இல்லை. வெயில் இல்லை. பத்தடியில் பாத்ரூம்.

"தப்புத்தான் சார். இப்பச் சொல்லிட்டேனே," என்றார், வாயெல்லாம் பல்லாக.

ஆபீசர் லீவுத்தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தார். சிக்னல்காரன் அவர் தோளுக்கு மேலாக எட்டிக் காகிதத்தைப் பார்த்தான்.

"சார், கல்லு உள்ள இருந்தாத்தானே லீவு? அதான் வெளிய வந்து அண்ணன் கையிலயே இருக்கே!"