ஆரஞ்சு காரின் சொந்தக்காரர்

கார் வாங்கிய மூன்றாம் நாள் காலை, போராம் அதன் முன்கண்ணாடியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். 'வெளியார் வண்டி. இங்கே நிறுத்தக் கூடாது' என்ற ஸ்டிக்கர், ஓட்டுபவரின் கண்ணுக்கு நேராக, தாம்பாள அகலத்துக்கு ஒட்டப்பட்டிருந்தது.

குடியிருப்பின் காவலாளி தாக் வெந்நீர்க் கெட்டிலோடு வந்தார். ஒட்டியவரும் அவர்தான்.

"ஊத்தி ஊறவச்சு எடும்மா. நல்ல பசை, நானே தேடி வாங்கினது," என்றார் பெருமையாக. "ஆமா, நீ 703 பொண்ணுதானே? இது யாரு வண்டி?"

போராமுக்கு இருபத்தாறு வயது. குன்சான் நகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. மூன்று வருடம் கடைக் காபியைத் தொடாமல், வீட்டில் சுருட்டிய கிம்பாப் சோற்றுருளையையே மதியமும் தின்று, கீறல் விழுந்த போனோடு காலத்தை ஓட்டிச் சேர்த்த பணத்தில் வாங்கிய பழைய கார் அது. சின்னது, ஆரஞ்சு நிறம். முதல் நாள் கடற்கரைச் சாலையில் தனியாக ஓட்டிப்போய், ஆளே இல்லாத இடத்தில் காரணமே இல்லாமல் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டு, தானே சிரித்துக்கொண்டாள்.

அம்மாவிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. "நல்லா ஓடுற பஸ்ஸை விட்டுட்டு கார் வாங்குறவளுக்குப் பைத்தியம்தான் பிடிச்சிருக்கணும்" என்பது அம்மாவின் கட்சி.

"என் ஃபிரெண்டு வண்டி, ஐயா," என்றாள் போராம்.

"அப்ப விருந்தாளி சீட்டு வாங்கிக்கோ. வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தரேன்."

அவள் தடுப்பதற்குள் தாக் இன்டர்காமை அழுத்திவிட்டார்.

மாலையில் அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "யாருடி அந்த ஃபிரெண்டு?"

"கூட வேலை பாக்குறவங்கம்மா. அவங்க வீட்டுப் பக்கம் நிறுத்த இடமில்ல."

"ஆம்பளையா, பொம்பளையா?"

கடையில் இருக்கும் பெண்கள் இருவரையும் அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். "ஆம்பளை," என்று சொல்லிவிட்டாள் போராம்.

அன்றைய சாப்பாட்டில் அவள் தட்டில் மட்டும் இரண்டு மீன் விழுந்தது.

மறுநாள் அம்மா கீழே இறங்கிப்போய்க் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள். "உள்ள ஒரு குப்பை இல்ல. சீட்ல பூப்போட்ட மெத்தை. நல்ல குணமான பையன். பேரு என்ன?"

"தேயோ," என்றாள் போராம், வாயில் வந்ததை.

"சனிக்கிழமை சாப்பிட வரச் சொல்லு. விலா எலும்புக் குழம்பு வைக்கிறேன்."

"வர முடியாதும்மா. அவரைப் பூசானுக்கு மாத்திட்டாங்க."

"அப்ப கார் ஏன் இங்கயே நிக்குது?"

"அது... விட்டுட்டுப் போயிருக்காரு."

அம்மா கன்னத்தில் கை வைத்தாள். "காரையே உன்னை நம்பி விட்டுட்டுப் போயிருக்கானா? அப்ப விஷயம் முத்திப்போச்சு!"

வெள்ளிக்கிழமைக்குள் விஷயம் லிஃப்ட்டில் எல்லா மாடிக்கும் போய் வந்துவிட்டது. ஐந்தாம் மாடிக்காரி, "பூசான் மாப்பிள்ளை சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் சிரித்துக்கொண்டே போனாள்.

சனிக்கிழமை காலை போராம் கண் விழித்தபோது, வாசலில் ஒரு கூரியர்க்காரர் அம்மா கட்டிக்கொடுத்த பெட்டியோடு நின்றிருந்தார். அதனுள்ளே பத்துக் கிலோ கிம்ச்சி ஊறுகாய்.

"பையன் அங்க என்னத்தைத் தின்னுறானோ! சீக்கிரம் அட்ரஸ் சொல்லுடி, அவரு காத்துக்கிட்டிருக்காரு."

போராமால் அதற்கு மேல் முடியவில்லை. "அம்மா, பூசான்ல யாருமே இல்ல. அது என் காரு!"

கூரியர்க்காரர் பெட்டியை மெதுவாகத் தரையில் வைத்தார்.

"மூணு வருஷமா சேத்து நானே வாங்கினேன். நீ திட்டுவியேன்னுதான் சொல்லல. மன்னிச்சிடும்மா."

தலையைக் குனிந்து திட்டுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால், அம்மாவின் காது இரண்டும் சிவந்திருந்தன.

"சரி, வாங்கினது வாங்கிட்ட. கலர் நல்லாத்தான் இருக்கு. ஆனா நீ தாக்கிட்ட போய் ஒண்ணும் பேசாத. நான் பாத்துக்கறேன்... ஏய், எங்கடி ஓடுற?"

அம்மா மன்னித்துவிட்டாள் என்ற குஷியில் போராமின் காதில் வேறெதுவும் ஏறவில்லை. லிஃப்ட்டுக்கும் காத்திராமல் ஏழு மாடியும் படியிலேயே இறங்கி, காவலறை ஜன்னலில் மூச்சிரைக்க நின்றாள்.

"ஐயா, அந்த ஆரஞ்சு காரு என்னோடதுதான்! 703 பேர்ல பதிஞ்சு ஸ்டிக்கர் குடுங்க. இனிமே ஒளிவு மறைவு ஒண்ணும் கிடையாது!"

தாக் பதிவேட்டைப் புரட்டினார். ஓரிடத்தில் விரலை வைத்தார். ஏழாம் மாடி ஜன்னலை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பிடரியைச் சொறிந்தார்.

"ஒரு வீட்டுக்கு ஒரு ஸ்டிக்கர்தானேம்மா? உங்க வீட்டோடதை உங்கம்மா நாலு மாசம் முன்னாடியே வாங்கிட்டாங்க, அதோ அந்த மஞ்சள் காருக்கு. தினம் நீ பஸ் ஏறினதும் எடுத்துட்டுப் போயி, நீ திரும்பி வர்றதுக்குள்ள சமர்த்தா கொண்டுவந்து நிறுத்திடுவாங்களே!"