ஆட்டுக்குட்டியும் பனிமலையும்

உலகத்தில் மெருகேற்றிகள் என்று ஓர் இனம் உண்டு. பித்தளைக்கு மெருகேற்றுபவர்களைச் சொல்லவில்லை. அவர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை. அடுத்தவர் எழுதியதைக் கண்டாலே கை அரிக்கும் ஆட்களைச் சொல்கிறேன். இவர்கள் முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்ப் பாருங்கள். திரும்பி வருவதற்குள் நீங்கள் எழுதியது உங்களுடையதாக இருக்காது.

நம்முடைய மெருகேற்றி ஓர் இளம்பெண். கல்லூரி முடித்த கையோடு முதுகில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, கப்பலில் பாத்திரம் கழுவி, பனிமலை அடிவாரத்து விடுதியில் படுக்கை விரித்து, பாலைவனத்தில் பஸ்ஸைத் தவறவிட்டு, காலில் சக்கரம் கட்டியவள் போல வருடக்கணக்கில் அலைந்துவிட்டு, திடீரென்று ஒருநாள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். வந்த வாரமே, பக்கத்து வீட்டில் தொங்கிய 'நாய் கடிக்கும்' என்ற பலகையை, 'இங்கே வசிக்கும் நாய்க்கு அந்நியர்மேல் அவ்வளவாக நம்பிக்கை கிடையாது' என்று மாற்றி எழுதினாள். அதைப் படித்து முடிப்பதற்குள் தபால்காரருக்குக் கடி விழுந்துவிட்டது.

"எங்கயாவது வேலைக்குப் போயிடுடி" என்றாள் அம்மா. "கடைக்குச் சீட்டு எழுதினாக்கூட விடமாட்டேங்கற. நான் சோப்புன்னு எழுதினா நீ 'மென்மையான நுரை பொங்கும் சோப்பு'ங்கற. கடைக்காரர் பாவம், அப்படி ஒரு சோப்ப இன்னும் தேடிட்டு இருக்கார்."

இப்படித்தான் அவள், வயல்களுக்கு நடுவே இரண்டே அறைகள் கொண்ட ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராக வந்து சேர்ந்தாள். பள்ளிக்கூடத்தின் உயிரே அப்போது ஊசலாடிக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்குச் சொந்தமாக நாலு வரி எழுத வரவில்லை, அடுத்த சோதனையிலும் இப்படியே இருந்தால் பள்ளியை மூடிவிட்டு எல்லோரையும் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பெரிய பள்ளியில் சேர்த்துவிடுவோம் என்று கல்வி அலுவலகம் சொல்லிவிட்டது. பாலமோ வெகுதூரம். மழைக்காலம் வந்தால் பாதிப் பிள்ளைகள் வீட்டோடு நின்றுவிடுவார்கள்.

"எப்படியாவது இதுங்கள எழுத வெச்சிடும்மா" என்றார் தலைமையாசிரியை.

"கவலையே படாதீங்க மேடம். எழுத்துன்னா எனக்கு உயிர்."

யாருடைய எழுத்து? அவரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

பிள்ளைகளை முதல் வரிதானே மிரட்டுகிறது, அதை நாமே கொடுத்துவிட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. பெரிய அட்டை ஒன்றில் தன் பயணங்களிலிருந்து பொறுக்கிய முதல் வரிகளைக் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் மாட்டினாள். 'பனிமலை என்னைப் பார்த்துக் கண் சிமிட்டிய அந்தக் காலையில்…' 'அலைகடலின் நடுவே நான் தன்னந்தனியாக நின்றபோது…' வேண்டியதை எடுத்துக்கொண்டு மேலே எழுதவேண்டியதுதான். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இரண்டாவது வரியின்போது பெஞ்சுக்குப் பின்னால் வந்து நிற்பாள். மூன்றாவது வரியில் குனிவாள். நான்காவது வரியில் பென்சில் அவள் கையில் இருக்கும்.

"ஆட்டுக்குட்டி பொறந்தப்போ ஈரமா இருந்துச்சா? பனித்துளியில் நனைந்த மலர் போலன்னு போடலாமே, கண்ணு?"

"இல்ல டீச்சர்" என்றாள் இரட்டைப் பின்னல் போட்ட சிறுமி. "மூக்குச்சளி மாதிரி இருந்துச்சு."

"ஐயையோ, அத எழுதாத!"

சோதனை நாளும் வந்தது. கல்வி அலுவலகத்து ஆய்வாளர் வந்து உட்கார்ந்து கட்டுரைகளைப் புரட்டினார். ஆட்டுக்குட்டி பனிமலையில் பிறந்திருந்தது. மாமாவின் சைக்கிள் பனிமலையில் தொலைந்திருந்தது. ஒரு பிள்ளைக்கு அலைகடலின் நடுவே வயிற்றுவலி.

"பனிமலைக்கு எப்பம்மா போன?" என்று இரட்டைப் பின்னலைக் கேட்டார்.

"நான் போகல சார். டீச்சர்தான் போனாங்க."

"அப்ப ஆடு?"

"ஆடு வீட்லதான் இருக்கு சார்."

ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டீச்சரம்மா, கொஞ்சம் வெளிய நில்லுங்க. அந்த அட்டையையும் கையோட எடுத்துட்டுப் போயிடுங்க." பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "யார்கிட்டயாவது சொல்லணும்னு உங்க மனசுல கிடக்கறத எழுதுங்க, பாக்கலாம்."

அட்டையை இடுக்கிக்கொண்டு வெளியே வந்தவளுக்கு இருப்புக் கொள்ளுமா? ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். இரட்டைப் பின்னல் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். இவள் வாயசைத்துக் காட்டினாள். காற்றில் ஒரு மலர் வரைந்து காட்டினாள். ஆய்வாளர் எழுந்து வந்து ஜன்னலைச் சாத்தினார். அடுத்த ஜன்னலுக்கு ஓடினாள். அதையும் சாத்தினார். சாத்திய பலகையின் முன்னால் மூக்கு உரச நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது. உள்ளே பிள்ளைகள் எழுதாவிட்டால் பள்ளிக்கூடம் போச்சு. இத்தனை மாதமாக அவர்களை எழுத விடாதது யார்?

கதவு திறந்தபோது ஆய்வாளரின் கண்களில் நீர். சிரித்துச் சிரித்து வந்த நீர். எல்லாத் தாளும் பக்கம் நிறைய. எல்லாவற்றிலும் ஒரே விஷயம். மேலே இருந்ததை வாய்விட்டுப் படித்தார்:

"'எங்க டீச்சர் நல்லவங்க. ஆனா நான் ஒரு வரி எழுதினா அவங்க மூணு வரி எழுதுவாங்க. அவங்களுக்கு எழுத ரொம்ப ஆச. யாராவது ஒரு நோட்டு வாங்கிக் குடுத்தா தனியா உக்காந்து எழுதுவாங்க. எங்க ஆட்டுக்குட்டி மூக்குச்சளி மாதிரி ஈரமா இருந்துச்சு. தூக்கினா கையில வழுக்கும். அத எழுத விடல.'"

பள்ளிக்கூடம் பிழைத்தது. பிள்ளைகளை எழுதவைப்பதாகச் சொன்னாள் அல்லவா? எழுதவைத்துவிட்டாள், வேறு வழியில்தான். ஆய்வாளர் தன் அறிக்கையில், 'பிள்ளைகள் நன்றாக எழுதுகிறார்கள். ஆசிரியை குறுக்கே வராவிட்டால் இன்னும் நன்றாக எழுதுவார்கள்' என்று குறித்து, படித்துப் பார்க்கச் சொல்லி அவளிடமே நீட்டினார். அவள் முகம் சிவந்தது. தலை குனிந்து படித்தாள். கண்ணில்கூட நீர் கட்டியது. பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"சார், 'நன்றாக' ரெண்டு தடவ வருதே. நான் வேணா…"

தலைமையாசிரியை பாய்ந்து வந்து அவள் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினார்.

திருந்தாத ஜென்மம் என்று சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் மேலே எங்கேயோ ஒரு வரியில், 'இதை இப்படிச் சொல்லியிருந்தால் இன்னும் எடுப்பாக இருந்திருக்குமே' என்று உங்களுக்கும் ஒரு கணம் பட்டதே, அதோடு விட்டீர்களா, கை பேனாவைத் தேடியதா? தேடியிருந்தால் ஓர் உபகாரம் செய்யுங்கள். இன்று சாயங்காலம் உங்கள் வீட்டுப் பிள்ளை கட்டுரை எழுத உட்காரும்போது கொஞ்சம் வெளியே போய் நில்லுங்கள். ஜன்னல் பக்கம் வேண்டாம்.