கொடியைப் பார்த்துக் கணக்கெடுத்தவர்

என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன், எழுத்துப் பிழையும் நிறைய வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தொகுதியில் எந்த வீட்டில் எத்தனை பேர், யார் என்ன வேலை செய்கிறார்கள் என்பது அரசாங்கத்துக்கே சரியாகத் தெரியாது. சென்சஸுக்குத் தெரியும். புதுச்சேரியில் எங்கள் பாகூர்ப் பக்கம் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். கணக்கெடுக்கச் சொல்லி யாரும் அவரை அனுப்பவில்லை. யாரிடமும் அவர் ஒரு கேள்வி கேட்டதும் இல்லை. துணி காயும் கொடியைப் பார்ப்பார், நோட்டில் எழுதுவார். சேற்று லுங்கி என்றால் நெல். சோகை இலை கிழித்த முழுக்கைச் சட்டை என்றால் கரும்பு. நீல யூனிஃபாரம் என்றால் சோப்புக் கம்பெனி.

"லுங்கி கொறையுதுபா, நீலம் ஏறுது" என்று என் பஞ்சர் கடையில் உட்கார்ந்து பட்ஜெட் வாசிப்பதுபோலச் சொல்வார்.

ஒருநாள் ஒரு அம்மா பிடித்துக்கொண்டார். "இன்னாய்யா, எங்க வூட்டுக் கொடியவே பாத்துக்கினு நிக்கற?"

"ஒம் புள்ள வேலைய வுட்டுட்டானா? ரெண்டு வாரமா நீலத்தக் காணோமே?"

அந்த அம்மாவுக்கே அது அப்போதுதான் தெரியும். துடைப்பத்தோடு பிள்ளையைத் தேடி ஓடினார்.

இப்படி இருக்கும்போது, காலை முதல் பஸ்ஸை நிறுத்தப்போவதாகச் சொன்னார்கள். ஏற ஆள் இல்லையாம். என் மனைவி நீலச் சட்டைக்காரி. "பஸ்ஸு நின்னா நான் வூட்லதான் குந்தணும். உன் பஞ்சர ரெண்டு பேரும் துன்ன முடியுமா?" என்றாள். எனக்கு அதிகாரிகளோடு பேச வாய் வராது. சென்சஸ்தான் மனு எழுதினார். பஸ் ஆபீசர் நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது.

ஆபீசர் வருகிற பகல் நேரத்தில் அந்த பஸ்ஸில் போகிற பெண்கள் கம்பெனியில் இருப்பார்கள். ஆனால் ஆளுக்கு இரண்டு செட் யூனிஃபாரம்; ஒன்று உடம்பில், ஒன்று கொடியில். கொடியைக் காட்டிவிடலாம் என்றார் சென்சஸ். என் மனைவிக்கு அது போதவில்லை. எங்கள் தெருவில் ஒரு சாரி புதுச்சேரி, எதிர்ச் சாரி தமிழ்நாடு. எதிர்ச் சாரியில் யூனிஃபாரங்களை வாங்கிவந்து, விடியும் முன்பே எங்கள் பக்கத்துக் கொடிகளில் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். தெருவே நீலமாக ஆடியது.

ஆபீசர் ஜீப்பை விட்டு இறங்கினார். சென்சஸ் கொடியைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். விடுவிடுவென்று போய் சட்டைகளை உருவ ஆரம்பித்தார். "வுடுங்கண்ணே!" என்று கையைப் பிடித்தேன்.

"தப்புக் கணக்குபா! இதெல்லாம் எதிர்ச் சாரி துணி. நம்ம தொகுதியே இல்ல!"

ஆபீசர் கிட்டே வந்தார். "அவங்க எந்த பஸ்ல போறாங்க?"

"நம்ம பஸ்லதான் சார். ஆனா தொகுதி வேற."

"பஸ்ஸுக்கு ஏதுய்யா தொகுதி? ஏறுற ஆளுதான் கணக்கு" என்று ஆபீசர் சிரித்துவிட்டார். "எல்லாரும் கூட்டித்தான் சொல்லுவாங்க. கொறைக்கிற ஆள இப்பதான் பாக்கறேன். எல்லாத்தையும் திருப்பி மாட்டு."

சென்சஸுக்கு மனசே இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மாட்டினார். பஸ் இன்றும் வருகிறது.

போன மழையில் அவர் காய்ச்சலாகப் படுத்தார். தனிக்கட்டை. என் மனைவி அவர் துணிகளை எடுத்துவந்து துவைத்து எங்கள் கொடியில் போட்டாள். எழுந்து நடமாட ஆரம்பித்ததும் எங்கள் வாசலில் வந்து நின்றார். கொடியையே வெகுநேரம் பார்த்தார். நோட்டைப் பிரித்து, எங்கள் வீட்டுக்கு நேராக இருந்த இரண்டை அடித்து, மூன்று என்று எழுதினார்.

"தப்புக் கணக்கு இல்லியாண்ணே?" என்றேன்.

"கொடி பொய் சொல்லாதுபா" என்றார்.

எழுதி முடித்தது: மார்கழி பத்து, ஞாயிற்றுக்கிழமை. கொடியில் மூன்று பேர் துணி காய்கிறது.