உப்பிய டின்

உணவு ஆய்வாளர் பையை மேசைமேல் கவிழ்த்தார். சீப்பு விழுந்தது, தண்ணீர் பாட்டில் விழுந்தது. டின் மட்டும் விழவில்லை.

தையல் தொழிற்சாலையின் சாப்பாட்டுக்கூடத்தில் டின் உணவைப் பற்றி அவர் பேச வேண்டும். வாழ்க்கையில் முதல் மேடை. எல்லோருக்கும் காட்டத்தான் மூடி உப்பிப்போன பீன்ஸ் டின் ஒன்றை எடுத்து வைத்திருந்தார். நரம்பையே முடக்கிப்போடும் விஷம் அதில் இருக்கலாம்.

சமையல்காரரிடம் ஓடினார்.

"மத்தியானம் என்ன போட்டீங்க?"

"பீன்ஸ் சாலட். ஏன், உப்பு கம்மியா?"

"டின் பீன்ஸா?"

"ஆமா. அந்த மேசைமேல ஒரு டின் இருந்துச்சு. அதையும் சேர்த்துக் கொட்டிட்டேன்."

"மூடி உப்பியிருந்துச்சா?"

"மூடியை யாரு சார் பார்த்தா?"

"கொதிக்கவாவது வச்சீங்களா?"

"சாலடை யாராவது கொதிக்க வைப்பாங்களா?"

ஆய்வாளர் யோசித்தார். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால் ஊரே சிரிக்கும். கூப்பிடாமல் விட்டால்? ஒன்றும் புரியவில்லை. பேசிக்கொண்டே கவனிப்போம் என்று மைக்கைப் பிடித்தார்.

"டின் உப்பியிருந்தா திறக்காதீங்க, ருசி பார்க்காதீங்க. கெட்ட வாடை இல்லேன்னாலும் விஷம் இருக்கலாம். வீட்டுல காய்கறியைப் பாட்டில்ல அடைச்சு வைக்கிறவங்க, வெறும் கொதிநீர் போதும்னு நினைக்காதீங்க. அதுக்குன்னே இருக்கிற பிரஷர் பாத்திரத்துலதான் வேக வைக்கணும்..."

சொல்லிக்கொண்டே போனார். கால்மணி நேரம் ஆனது.

"விஷம் ஏறினா முதல்ல கண்ணிமை சரியும்."

முன்வரிசையில் பொத்தான் தைக்கும் அக்காவின் இமை சரிந்தது.

அவர் அதை உற்றுப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார். "அப்புறம் நாக்கு குழறும்."

"என்னண்ணே, புரியுதா?" என்று அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தொழிற்சாலை மேலாளரைக் கேட்டார்.

"ம்ம்... ழ்ழ்..." என்றார் மேலாளர்.

இரண்டாம் வரிசையில் நான்கு தலைகள் சாய்ந்தன. ஆய்வாளர் மேடையிலிருந்து குதித்து, பொத்தான் அக்காவின் முகத்துக்கு நேரே ஒரு விரலை நீட்டினார்.

"அக்கா, எத்தனை விரல்?"

அக்கா திடுக்கிட்டு விழித்தார். "ரெண்டு... இல்ல, மூணு. கையை ஆட்டாம காட்டுங்க சார்."

"ஐயோ, ரெட்டைப் பார்வை! சாலட்ல விஷம்! ஆம்புலன்ஸ்!" என்று மைக்கிலேயே அலறினார்.

கூடமே அல்லோலகல்லோலப்பட்டது. ஒருவர் வாந்தியெடுக்க விரலைத் தொண்டைக்குள் விட்டார். சமையல்காரர் அடுப்படிக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொண்டார்.

ஆம்புலன்ஸில் வந்த நர்ஸ் ஒவ்வொருவர் கண்ணிலும் டார்ச் அடித்துப் பார்த்தார். அதற்குள் வாசல் காவலாளி ஆய்வாளரின் ஸ்கூட்டரைக் குடைந்து, இருக்கைக்கு அடியிலிருந்து உப்பிய டின்னைத் திறக்காமலே தூக்கிக்கொண்டு வந்தார். சாலடில் விழுந்தது சமையல்காரரே முன்னால் மேசைமேல் எடுத்து வைத்து மறந்துபோன நல்ல டின்.

"யாருக்கும் ஒண்ணுமில்ல. அப்படியே விஷம் இருந்திருந்தாலும் இவ்வளவு சீக்கிரம் காட்டாது," என்றார் நர்ஸ்.

ஆய்வாளருக்கு உயிர் வந்தது. ஆனாலும் குழப்பம் தீரவில்லை.

"அப்போ வரிசையா எல்லாருக்கும் கண்ணு சொருகினது எதனால?"

பொத்தான் அக்காதான் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"தப்பா நினைக்காதீங்க சார், நீங்க பேசினதாலதான்."